பெங்களூருக்கு வேலைக்கு வருகிறீர்களா? முதலில் உங்கள் பெயரைத் தேடிப் பாருங்கள்

என் சித்தி மகன் கதிரேசன் போன மாதம் திண்டுக்கல்லிலிருந்து வந்து சேர்ந்தான். ஞாயிறு ராத்திரி பஸ் ஏறி, திங்கள் விடியற்காலை சில்க் போர்டில் தோளில் பையும் கண்ணில் தூக்கமுமாக இறங்குகிற கூட்டத்தில் அவனும் ஒருவன். கையில் ஆஃபர் லெட்டர், வேலையில் சேர இன்னும் பத்து நாள். அதற்குள் கம்பெனி ஆட்கள் அவனுடைய படிப்பு, விலாசம், முன்கதை எல்லாவற்றையும் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். இங்கே அதை பிஜிவி (பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன்) என்பார்கள். வந்த முதல் வாரமே இந்த வார்த்தை உங்களுக்கும் பழகிவிடும். "கூகுள்ல உன் பேரைப் போட்டுப் பாத்தியாடா?" என்று கேட்டேன். "நான் என்ன அமைச்சரா அண்ணே?" என்று சிரித்தான்.

2019-இல் நானும் அப்படித்தான் இருந்தேன். பழைய வேலையை விட்டாயிற்று, புதிய இடத்தில் சேர வேண்டும். ஒரு மதியம் ஹெச்ஆரிடமிருந்து போன்: "உங்கள் மேல் ஏதாவது வழக்கு இருக்கிறதா?" சீட்டுப் பணத்தோடு ஓடிப்போன ஒரு செந்தில்குமாரைப் பற்றிய செய்தி அவர்கள் கண்ணில் பட்டிருக்கிறது. என் பெயரும் அதுதான், இரண்டு பேருக்கும் இனிஷியல் எம். ஊர் வேறு, அப்பா வேறு, வயது என்னைவிட இருபது அதிகம். அதை நிரூபிக்க மார்க் ஷீட், ஆதார், பான் என்று ஒவ்வொன்றாக அனுப்பி மூன்று வாரம் ஓடியது. இரண்டு பக்கமும் சம்பளம் கிடையாது. முருகேஷ்பாளையாவில் பிஜி (பேயிங் கெஸ்ட் விடுதி) வாடகை மட்டும் தேதி தவறவில்லை. நானே ஒரு தடவை என் பெயரைத் தேடியிருந்தால் அந்தச் செய்தி முதல் பக்கத்திலேயே கிடைத்திருக்கும். "இது நான் இல்லை" என்று முன்கூட்டியே ஒரு மெயில் போட்டிருப்பேன்.

அதனால் கதிரேசனை ஒரு ஞாயிறு மதியம் உட்கார வைத்தேன். அன்று செய்ததைத்தான் கீழே வரிசையாக எழுதியிருக்கிறேன். ஒரு நோட்டு, ஒரு பேனா, லேப்டாப், இரண்டு மூன்று மணி நேரம் இருந்தால் போதும்.

உங்களுக்கு எத்தனை பெயர்?

தேடுவதற்கு முன்னால் நோட்டில் எழுத வேண்டியது இதுதான். நம் ஆட்கள் பலரும் சறுக்குவதும் இங்கேதான்.

மார்க் ஷீட்டில் நான் எம். செந்தில்குமார். பான் விண்ணப்பத்தில் இனிஷியலை ஏற்க மாட்டார்கள், விரித்துத்தான் எழுத வேண்டும். அங்கே செந்தில்குமார் முத்தையா ஆனேன். கம்பெனிப் படிவத்தில் கடைசிப் பெயர் என்று ஒரு கட்டம், அதைக் காலியாக விட்டால் அடுத்த பக்கம் போகாது. அதில் அப்பா பெயரைப் போட்டேன். அன்றிலிருந்து டெல்லிக்கார மேனேஜர் மீட்டிங்கில் "முத்தையா" என்று கூப்பிடும்போதெல்லாம், அப்பாதான் பின்னால் வந்து நிற்கிறாரோ என்று திரும்பிப் பார்க்கிறேன். இன்னொரு இடத்தில் பெயரை இரண்டாக உடைத்து மிஸ்டர் குமார் ஆக்கிவிட்டார்கள்.

அப்புறம் ஆங்கில எழுத்துக் கூட்டல். செந்திலில் டி-க்குப் பின்னால் எச் போடுகிறவர்கள் உண்டு, போடாதவர்களும் உண்டு. லட்சுமிக்கு நடுவில் எக்ஸ் வரலாம், கே-எஸ்-எச் வரலாம். கனிமொழி, எழிலரசி, தமிழ்ச்செல்வன் என்று ழகரம் உள்ள பெயரென்றால் இசட்-எச் ஒரு கணக்கு, எல் ஒரு கணக்கு. பெங்களூரில் கன்னடச் செய்தித் தளங்களும் உண்டு. கன்னடத்தில் ழகரம் வழக்கொழிந்துபோய் நூற்றாண்டுகள் ஆகின்றன, ஆகவே நம் ழகரம் அங்கே ளகரமாகவோ லகரமாகவோ மாறித்தான் அச்சாகும். தமிழ் எழுத்திலும் உங்கள் பெயரைத் தேட மறக்காதீர்கள். ஊர்ச் செய்தி, கோயில் விழா, விளையாட்டுப் போட்டி முடிவெல்லாம் தமிழில்தான் இருக்கும்.

பெயரோடு சேர்த்து இப்போதைய கைபேசி எண், பழைய எண்கள், மெயில் முகவரிகள், விளையாட்டுக்கு வைத்துக்கொண்ட புனைபெயர்கள் எல்லாவற்றையும் எழுதுங்கள். "ராக்கிங் கதிர்" என்று ஒன்பதாம் வகுப்பில் ஆரம்பித்த கணக்கு ஒன்று இருந்ததை எழுதும்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது. மொத்தம் 13 வரி.

தேடுகிற முறை

உங்கள் வழக்கமான உலாவியில் தேடினால், நீங்கள் அடிக்கடி போகிற பக்கங்களையே கூகுள் முன்னால் கொண்டுவந்து நிறுத்தக்கூடும். இன்காக்னிட்டோ சாளரத்தைத் திறந்து, கணக்கில் நுழையாமல் தேடுங்கள். பெயரை இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டால் அந்தச் சொற்கள் அதே வரிசையில் உள்ள பக்கங்கள் மட்டும் வரும். பெயர் பொதுவானது என்றால் கூடவே கல்லூரி, ஊர், கம்பெனி என ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வேண்டாத ஆள் ஒருவரே திரும்பத் திரும்ப வந்தால், அவரோடு வருகிற ஒரு சொல்லுக்கு முன்னால் கழித்தல் குறி போடுங்கள், அவர் விலகிவிடுவார். கைபேசி எண்ணைச் சேர்த்து எழுதி ஒரு முறை, ஐந்து இலக்கத்துக்குப் பின் இடைவெளி விட்டு ஒரு முறை தேடுங்கள். முதல் பக்கத்தோடு நிறுத்தாமல் மூன்றாவது பக்கம்வரை போங்கள். பிங், டக்டக்கோ இரண்டிலும் ஒரு சுற்று சுற்றிவிட்டு வாருங்கள்; கூகுளில் காணாதது அங்கே கிடைப்பதுண்டு.

கதிரேசன் விஷயத்தில் வில்லங்கம் வந்தது பிடிஎஃப் வடிவில். எண்ணைத் தேடியதும் அவன் கல்லூரி வேலைவாய்ப்புப் பிரிவு எப்போதோ தளத்தில் ஏற்றிய பட்டியல் ஒன்று வந்து நின்றது. அறுபது எழுபது பையன்கள், பெண் பிள்ளைகள். ஒவ்வொருவருக்கும் பிறந்த தேதி, மெயில், கைபேசி, அப்பாவின் கைபேசி, பத்தாம் வகுப்பு சதவீதம். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். அவன் முகம் சுருங்கியதைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. "எங்கப்பா நம்பரும் இருக்கே அண்ணே."

படங்கள் பிரிவையும் பாருங்கள். உங்கள் ப்ரொஃபைல் படத்தை கூகுள் லென்ஸிலோ டின்ஐ தளத்திலோ ஏற்றினால், அதே படம் வேறெங்கே இருக்கிறது என்று காட்டும். போலிக் கணக்குகளும் கல்யாணத் தளங்களில் திருட்டுப் படத்தோடு உலவுகிறவர்களும் அகப்படுவது பெரும்பாலும் இப்படித்தான். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், லிங்க்டின் மூன்றுக்குள்ளும் தனித்தனியாகத் தேட வேண்டும். அங்கே இருப்பதில் பெரும்பகுதி கூகுளுக்குத் தெரியாது.

பிஜிவிக்காரர்கள் போகிற இன்னொரு இடம் இ-கோர்ட்ஸ். மாவட்ட நீதிமன்ற வழக்குகளை மாநிலம், மாவட்டம், ஆண்டு கொடுத்துக் கட்சிக்காரர் பெயரை வைத்தே அங்கே தேடலாம். உங்கள் சொந்த மாவட்டத்தில் உங்கள் பெயரில் யார் யார் வழக்காடுகிறார்கள் என்று பாருங்கள். நான் பார்த்தபோது பாகப்பிரிவினையில் இரண்டு செந்தில்குமார்கள் மல்லுக்கு நின்றார்கள்.

கிடைத்ததையெல்லாம் நோட்டில் மூன்றாகப் பிரியுங்கள்: நான், என் பெயர்க்காரர், சரிசெய்ய வேண்டியது. பெயர்க்காரர் பட்டியலை அலட்சியம் செய்யாதீர்கள். மோசமான செய்தியில் வருகிற பெயர்க்காரர் இருந்தால், எந்த விதத்தில் அவர் வேறு ஆள் என்று இரண்டு வரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஹெச்ஆர் கேட்டால் அன்றைக்கே பதில் போகும். சாட்ஜிபிடி போன்றவற்றிடமும் பெயர், ஊர், வேலை கொடுத்துக் கேட்டுப் பாருங்கள். பெயர்க்காரரையும் உங்களையும் கலந்து ஒரே ஆளாக்கிச் சரளமாகக் கதை சொல்லக்கூடும்.

ட்ரூகாலரில் நீங்கள் யார்?

வீடு தேடி ஓனருக்குப் போன் செய்கிறீர்கள். நீங்கள் வாய் திறப்பதற்குள் அவர் திரையில் ஒரு பெயர் மின்னியிருக்கும். மற்றவர்கள் உங்களை எப்படிச் சேமித்து வைத்திருக்கிறார்கள் என்பதிலிருந்தும், அவர்கள் கொடுக்கிற திருத்தங்களிலிருந்தும் ட்ரூகாலர் உருவாக்குகிற பெயர் அது. எண் இதற்கு முன் வேறொருவரிடம் இருந்திருந்தால் அவருடைய பாவமும் உங்கள் கணக்கில் சேரும். ரத்தான எண்ணை 90 நாளுக்குப் பிறகு வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். என் அறைத்தோழர் ஒருவர் புதிதாக வாங்கிய சிம், ஊர் முழுக்க "லோன் ஏஜென்ட் எடுக்காதே" என்று காட்டியது. மூன்று வீட்டு ஓனர்கள் போனையே எடுக்கவில்லை. காரணம் தெரியாமல் தமிழன் என்பதால்தான் எடுக்கவில்லை என்று ஒரு வாரம் பொருமிக்கொண்டிருந்தார்.

சரிசெய்ய இரண்டு வழி. நீங்களே அந்த எண்ணில் பதிவு செய்து சரியான பெயரைப் போடலாம். பட்டியலிலேயே வேண்டாமென்றால் செயலியில் கணக்கை முடக்கிவிட்டு, அவர்கள் தளத்தில் எண்ணை நீக்கும் பக்கத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

இதோடு சஞ்சார் சாத்தியையும் பார்த்துவிடுங்கள். மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை 2023-இல் தொடங்கிய தளம். உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று அது காட்டும். உங்களுடையது அல்லாததை அங்கேயே புகார் செய்யலாம். யாரோ செய்கிற மோசடிக்கு உங்கள் பெயர் முகவரியாக இருக்கக்கூடாதல்லவா. மெயில் முகவரிக்கு ஹேவ் ஐ பீன் போன்ட் என்ற தளம். ட்ராய் ஹன்ட் என்ற ஆஸ்திரேலியர் 2013-இல் தொடங்கியது. உங்கள் மெயில் எந்தெந்தத் தகவல் கசிவில் சிக்கியது என்று சொல்லும், இனிமேல் சிக்கினால் மெயிலும் அனுப்பும். சிக்கியிருந்தால் கடவுச்சொல்லை மாற்றுங்கள், இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள்.

காவலுக்கு ஆள் போடுவது

ஒரு தடவை தேடினால் அன்றைய நிலவரம் தெரியும். நாளை வருவதைப் பார்க்க கூகுள் அலர்ட்ஸ் இருக்கிறது. 2003-இலிருந்து இலவசமாகவே நடக்கிறது. அலர்ட்ஸ் பக்கத்துக்குப் போய், தேடுகட்டத்தில் பெயரை மேற்கோள் குறியோடு அடியுங்கள். கீழே விருப்பங்களைக் காட்டு என்பதைத் திறந்தால் எத்தனை நாளுக்கு ஒரு முறை, எந்த மொழி, எந்தப் பகுதி, எவ்வளவு முடிவுகள் என்று கேட்கும். வாரம் ஒரு முறை போதும். சிறந்தவை மட்டும் என்று இருப்பதை எல்லா முடிவுகளும் என்று மாற்றுங்கள். நம்மைப் போன்ற சாதாரண ஆட்களைப் பற்றி வருவது அந்தச் சிறந்தவற்றில் இடம் பிடிப்பது கஷ்டம்.

நோட்டில் உள்ள 13 வரிக்கும் அலர்ட் போட்டால் மெயில் குவிந்து, இரண்டாவது வாரமே திறக்காமல் விட்டுவிடுவீர்கள். நான்கைந்து போதும்: ஆங்கிலத்தில் முழுப்பெயர், தமிழில் பெயரும் ஊரும், கைபேசி எண், மெயில். ஃபேஸ்புக், இன்ஸ்டாவில் நடப்பதை இந்த அலர்ட் நம்பிப் பிடிக்க முடியாது. அதற்கு மாதம் ஒரு நாள் நீங்களேதான் பார்க்க வேண்டும். நான் சம்பள நாளில் பார்க்கிறேன், அன்றைக்கு மனசு லேசாக இருக்கும்.

நீங்களே போட்டுவைத்தவை

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பலருக்கும் தெரிந்ததுதான். ஃபேஸ்புக்கில் பழைய பதிவுகள் எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் நண்பர்களுக்கு மட்டும் என்று சுருக்குகிற வசதி இருக்கிறது. யாராவது உங்களை டேக் செய்தால் உங்களைக் கேட்டுவிட்டு வெளியிடும் வசதியும் இருக்கிறது. இரண்டையும் போட்டுவிடுங்கள். நௌக்ரி வேலைவாய்ப்புத் தளத்தில் உங்கள் விவரம் எந்தக் கம்பெனி கண்ணில் படக்கூடாது என்று தடுக்கலாம். கிட்ஹப்பில் கல்லூரிக் காலத்து ப்ராஜெக்ட் இருந்தால், கோடுக்குள் மெயிலோ கடவுச்சொல்லோ கிடக்கிறதா என்று பாருங்கள்.

பலருக்கும் தோன்றாதது கூகுள் மேப்ஸ். பிஜியில் மூட்டைப்பூச்சி என்று கோபத்தில் ஒற்றை நட்சத்திரம் போட்டிருப்பீர்கள். அந்த ரிவ்யூவில் உங்கள் பெயரைத் தொட்டால், நீங்கள் எழுதிய மற்ற ரிவ்யூக்களும் வரிசையாக வரும்: எந்த ஜிம், எந்த மருத்துவர், எந்த மெஸ். நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்று ஊகிக்க அதுவே போதும். மேப்ஸில் உங்கள் ப்ரொஃபைலைக் கட்டுப்படுத்துகிற செட்டிங் இருக்கிறது.

தப்பான ஒன்று கண்ணில் பட்டால்

கை பரபரக்கும். பதில் எழுதாதீர்கள். முதலில் இணைய முகவரி தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட், தேதி, நேரம். அந்த முகவரியைத் தனியாகவும் நகலெடுத்து வையுங்கள். பதிவைப் போட்டவர் அழித்துவிட்டால் அப்புறம் உங்களிடம் இருப்பது அது மட்டும்தான்.

பக்கத்துக்குச் சொந்தக்காரரிடம் கேட்டாலே பாதி விஷயம் முடிந்துவிடும். கதிரேசன் கல்லூரிக்கு மரியாதையாக ஒரு மெயில் போட்டான், இரண்டு நாள் பதில் இல்லை; போன் செய்தான். "ஆமாப்பா, எடுத்திடறேன்" என்றார்கள், நான்காம் நாள் பட்டியல் போய்விட்டது. ஆனால் கூகுளில் தேடினால் பழைய துணுக்கில் எண் அப்படியே தெரிந்தது. பக்கம் மாறிவிட்டாலோ மறைந்துவிட்டாலோ தேடல் முடிவைப் புதுப்பிக்கச் சொல்லிக் கேட்க கூகுளில் ஒரு கருவி உண்டு. காலாவதியான உள்ளடக்கம் என்ற பெயரில் இருக்கும். அதில் முகவரியைக் கொடுத்த பிறகு அதுவும் மறைந்தது. சொந்தக்காரர் அசையவே மாட்டேன் என்றால், கைபேசி எண், வீட்டு விலாசம், அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு எண் போன்றவை தேடலில் வருவதை நீக்கக் கேட்கும் படிவம் தனியாக இருக்கிறது. தேடலிலிருந்து போனாலும் மூலப் பக்கம் அங்கேயே இருக்கும் என்பது நினைவில் இருக்கட்டும்.

உங்கள் படத்தைப் போட்டு ஒருவன் கணக்கு ஆரம்பித்து, "ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், அவசரமாக 5000 அனுப்பு" என்று உங்கள் மாமாவிடம் கேட்டால்? முதல் வேலை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் குடும்பக் குழுவிலும் "அது நான் இல்லை" என்று போடுவது. அடுத்து அந்தப் போலி ப்ரொஃபைலின் மூன்று புள்ளியைத் தொட்டு, ஆள்மாறாட்டம் என்று புகார் செய்வது. நண்பர்களையும் செய்யச் சொல்லுங்கள். யாராவது பணம் அனுப்பிவிட்டால் உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு அழைக்கச் சொல்லுங்கள். பணம் கைமாறிப் போவதற்குள் வங்கியில் நிறுத்திவைக்க வாய்ப்பு இருப்பது முதல் சில மணி நேரத்தில்தான்.

தளம் கண்டுகொள்ளவில்லையா, அதன் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி அவருடைய பெயரும் தொடர்பு விவரமும் தளத்தில் இருந்தாக வேண்டும், புகார் கிடைத்ததை 24 மணி நேரத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆள்மாறாட்டம், மார்ஃபிங் செய்த படம், அந்தரங்கப் படம் என்றால் நீக்குவதற்கே தனிக் கெடு. விதி வந்தபோது அது 24 மணி நேரம். அவர் முடிவு திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் மத்திய அரசு அமைத்த மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். 2023-இலிருந்து ஆன்லைனிலேயே நடக்கிறது, வக்கீல் வேண்டாம்.

அந்தரங்கப் படத்தை வைத்து யாராவது மிரட்டினால் காசு கொடுக்காதீர்கள். ஒரு முறை கொடுத்தால் அடுத்த வாரமும் கேட்பார்கள். ஸ்டாப் என்சிஐஐ என்ற தளம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது. அதன் டிஜிட்டல் கைரேகை மட்டும் உருவாகி, சேர்ந்திருக்கிற தளங்களுக்குப் போகும். அந்தத் தளங்களில் யாராவது அந்தப் படத்தை ஏற்றினால் அடையாளம் கண்டு தடுக்க அது உதவும். பதினெட்டு வயது நிறைந்தவர்களுக்கானது.

காவல் நிலையமா, கோர்ட்டா?

சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் வீட்டிலிருந்தே புகார் கொடுக்கலாம். நேரில் போவதென்றால் பெங்களூரில் டிவிஷன்வாரியாக சென் காவல் நிலையங்கள் இருக்கின்றன. சைபர், பொருளாதார, போதைப்பொருள் குற்றங்களுக்கானவை. கன்னடம் தெரியாதே என்று தயங்க வேண்டாம், ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்கலாம். ஆனாலும் கன்னடம் பேசுகிற நண்பர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனால் உங்கள் படபடப்பு குறையும்.

அடுத்தவர் கடவுச்சொல்லைத் திருடுவதும் ஆள்மாறாட்டமும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி, 66டி பிரிவுகளில் வரும், மூன்று வருடம்வரை சிறை. வெறும் அவதூறு அப்படி இல்லை. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவு. அதற்கு போலீஸ் நேரடியாக எஃப்ஐஆர் போட முடியாது, மாஜிஸ்திரேட்டிடம் தனிப்புகார் கொடுக்க வேண்டும். "கோர்ட்டுக்குப் போங்க" என்று ஸ்டேஷனில் சொன்னால் தட்டிக்கழிக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள், அதுதான் நடைமுறை. ஒருவன் உங்களைச் சோம்பேறி என்று எழுதியதற்காக வருடக்கணக்கில் வாய்தா வாங்குவது தேவைதானா என்பதை நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். என் கணக்கில் பெரும்பாலும் தேவையில்லை.

லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு "கூகுளிலிருந்து எடுத்துத் தருகிறோம்" என்பவர்களிடம் போகாதீர்கள். மேலே சொன்ன படிவங்களைத் தாண்டி அவர்களிடம் ரகசியக் கதவு எதுவும் இல்லை. உங்கள் பக்கம் கோர்ட்டும் கொஞ்சம் இருக்கிறது: அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்களே, அந்த வழக்கைத் தொடுத்த கே. எஸ். புட்டசாமி இந்த ஊர்க்காரர்தான். கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர், எண்பது வயதைத் தாண்டிய பிறகு கோர்ட் படி ஏறினார்.

கதிரேசனின் பிஜிவி சிக்கலில்லாமல் முடிந்தது. வேலையில் சேர்ந்து மூன்றாவது வாரம், ஊர்ப் பெயரோடு தமிழில் போட்ட அலர்ட்டிலிருந்து முதல் மெயில் வந்தது. பொங்கலுக்கு ஊரில் நடந்த கபடிப் போட்டியைப் பற்றிய செய்தி. ஆடியது அவனேதான், ஜெயித்த அணி. ஆனால் பி. கதிரேசன் என்பதை கே. கதிர்வேசன் என்று போட்டிருந்தார்கள். நோட்டை எடுத்து 14-ஆவது வரியாக அதையும் எழுதிக்கொண்டான்.